சட்டம் எண்ணிய வயது, உடல் எண்ணிய வயது

என் கடைக்குட்டி மகளுக்கு 11 வயது. எனக்கு 49. இந்த ஆண்டு இருவர் உடலும் ஒரே நேரத்தில் மாறத் தொடங்கின. அவளுக்கு மார்பு வலிக்கிறது, முகத்தில் பரு, காரணம் தெரியாத அழுகை. எனக்கு இரண்டு மாதம் வராத விலக்கு மூன்றாம் மாதம் கொட்டுகிறது. நடுராத்திரியில் வேர்த்து எழுகிறேன். இருவரையும் ஆட்டிவைப்பது சினைப்பைச் சுரப்புகளின் ஏற்ற இறக்கம்தான். அவளுக்கு அது தொடங்குகிறது, எனக்கு முடிகிறது.

"அம்மா, என் வயசுல உனக்கும் இப்படித்தான் இருந்துச்சா?" என்று ஒருநாள் கேட்டாள். உடனே பதில் சொல்ல முடியவில்லை. 11 வயதில் நான் தீப்பெட்டி ஆபீஸில் இருந்தேன்.

வெளியூர்க்காரர்கள் ஆலை என்பார்கள். எங்களுக்கு அது 'ஆபீஸ்'. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த தொழில் அது. மழை பொய்க்கும் கரிசல் பூமியில் அதுவே பிழைப்பாயிற்று. விடியுமுன் ஆபீஸ் பஸ் ஊருக்குள் வரும். மதிய உணவுத் திட்டம் தந்த காமராசர் பிறந்த மாவட்டத்தில், பள்ளி மணி அடிக்கும் முன்பே பிள்ளைகளை அந்த பஸ் கூட்டிப் போய்விடும். பிள்ளையைக் காட்டி ஏஜெண்டிடம் அட்வான்ஸ் வாங்கிய வீடுகள் உண்டு. எங்கள் வீடும் அதில் ஒன்று.

நானும் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கட்டை அடுக்குவோம். சட்டத்தின் ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு குச்சி. எண்ணிக்கைக்குத்தான் கூலி. அம்மாவின் விரல் மந்தப்படத் தொடங்கியிருந்தது. என் விரல் ஓடும். நான் அடுக்கிய கட்டைகளும் அம்மா கணக்கில்தான் ஏறும். "யாராச்சும் கேட்டா பதினாலுன்னு சொல்லு பாப்பா" என்று அம்மா சொல்லிக்கொடுத்திருந்தாள்.

அந்தப் பதினாலு சட்டத்தின் எண். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே 14 வயதுக்குட்பட்டோரை ஆலையில் வைக்கக் கூடாது என்றது. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி, பட்டாசுத் தயாரிப்பைத் தடைப் பட்டியலில் வைத்தது. ஆனால் குடும்பத்தார் சேர்ந்து வீட்டில் செய்யும் வேலைக்கு விலக்கு அளித்தது. சிவகாசிக் குழந்தைகளுக்காக எம்.சி. மேத்தா உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கில் பதிவான கணக்கு இது: 1985 டிசம்பர் 31 நிலவரப்படி, பதிவுபெற்ற 221 தீப்பெட்டி ஆலைகளில் 27,338 தொழிலாளர்கள், அவர்களில் 2,941 பேர் குழந்தைகள்.

அந்த எண்களைப் பல ஆண்டுகள் கழித்து வாசித்தபோது, எங்கள் பஸ்ஸில் என்னோடு வந்த பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். என்னைப் போன்ற பிள்ளை எந்தக் கணக்கில் வருவாள்? பதிவேட்டில் இருந்தது அம்மாவின் பெயர் மட்டும்.

என்னை ஆபீஸிலிருந்து நிறுத்தியது சட்டம் அல்ல. 1988இல், 12 வயதில், கட்டை முன்னால் உட்கார்ந்திருந்தபோது பாவாடை நனைந்தது. அம்மா தன் முந்தானையால் மறைத்து என்னைச் சுவரோரம் கூட்டிப்போனாள். அங்கே பெண்களுக்குக் கழிப்பறை இல்லை, முள்வேலிப் புதர்தான். இடுப்பில் செருகியிருந்த சிறு மூட்டையை அவிழ்த்து, மடித்த பழஞ்சேலைத் துணி ஒன்றை எனக்குத் தந்தாள். அது அவளுக்காகக் கொண்டுவந்தது. அப்போது அவளுக்கு 45 வயது இருக்கும். மாதத்தில் பாதி நாள் உதிரம் போய்க்கொண்டிருந்ததை அன்றைக்குத்தான் அறிந்தேன்.

எனக்குக் குச்சு கட்டினார்கள். தாய்மாமன் சீர் வந்தது. உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் தந்தார்கள். "பெரியமனுஷி ஆயிட்டா, இனி இருட்டுல பஸ் ஏத்த வேணாம்" என்று வீட்டில் முடிவானது. சட்டம் வந்து இரண்டு ஆண்டாகியும் நடக்காதது அந்த ஒரு பேச்சில் நடந்தது. அது விடுதலையும் அல்ல. அதன்பின் வீட்டுத் திண்ணையில், மயில்துத்தம் கலந்த மைதாப் பசையில், குரோஸ் கணக்கில் பெட்டி ஒட்டினேன். 144 பெட்டி ஒரு குரோஸ். சட்டம் விலக்கு அளித்த இடம் அதே திண்ணைதான். ஓர் ஆசிரியை வந்து அம்மாவிடம் சண்டை போட்டு என்னைத் திரும்பப் பள்ளியில் சேர்க்கும்வரை அங்கேயே இருந்தேன்.

அம்மாவுக்கு என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. களி அவள் கிண்டியது, தின்றது நான். உதிரம் போனபடியே பஸ் ஏறினாள். ஒருநாள் அது நின்றது. அதற்குச் சடங்கு இல்லை, சீர் இல்லை. 'நின்னுபோச்சு' என்ற ஒரு சொல் மட்டும் இருந்தது. அதையும் அவள் யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை.

1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறிய முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் நல நிதிக்குச் செலுத்த வேண்டும். அந்தக் குழந்தைக்குப் பதிலாகக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை ஏற்பாடு செய்ய வேண்டும், இயலாவிட்டால் 5,000 ரூபாய் நிதியில் சேர்க்க வேண்டும். அந்தப் 'பெரியவர்' பெரும்பாலும் யார்? எங்கள் தெருவில் அது அம்மாக்கள்தான். மகள் எழுந்த இடத்தில் தாய் உட்கார்ந்தாள். மலிவான கூலி, பணிந்த குனிவு, வேகமான விரல் என்று இருவரையும் தேடிய காரணம் ஒன்றுதான்.

பெண்குழந்தைகளை மீட்டது பெரிய வெற்றி. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. என் மகள் பள்ளியில் இருப்பது அதனால்தான். 2012இல் வந்த புதுயுகம் திட்டம் 10 முதல் 19 வயது வரையான கிராமத்துப் பெண்களுக்கு இலவச நாப்கின் தந்தபோதும் மகிழ்ந்தேன். ஆனால் 1980களில் 'குழந்தைத் தொழிலாளி' என்று படம்பிடிக்கப்பட்ட அந்தச் சிறுமிகள் எங்கும் மறைந்துவிடவில்லை. அவர்களுக்கு இன்று 50 வயது சுற்றி. பலர் இன்னும் பயராபீஸில் திரி பின்னுகிறார்கள், விலக்கு நிற்கும் காலத்து வெக்கையோடு மருந்து வெக்கையிலும் உட்கார்ந்து. வரலாறு அவர்களைச் சிறுமியாகப் பார்த்த இடத்திலேயே விட்டுவிட்டது.

மகளுக்குப் பதில் சொன்னேன். எல்லாவற்றையும், அந்தத் துணி உட்பட. கேட்டுவிட்டு, "அப்போ ஆச்சிக்கு யாரு துணி குடுத்தா?" என்றாள்.

இதை வாசிக்கும் பெண்ணே, உன் அம்மாவிடமும் ஆச்சியிடமும் இரண்டு கேள்வி கேள். முதல் முறை வந்தபோது எங்கே வேலை செய்துகொண்டிருந்தாய்? நின்றபோது யாரிடம் சொன்னாய்? எழுதி வை. எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை.