காக்கைக் கூட்டில் குயில் முட்டை

ஆசிரியப் பணியில் நான் பன்முறை எதிர்கொண்ட வினா ஒன்று உண்டு. “ஐயா, சீழ்ப் புண்ணைப் பெனிசிலின் ஆற்றுகிறதே, அம்மையை ஏன் அது போக்குவதில்லை?” என்று மாணவர் கேட்பர். வினா சிறிது, விடையோ பெரிது.

பாக்டீரியா தனக்கென வீடு வாசல் உடையது. அது தானே உண்டு, தானே பெருகும். அதற்கு உள்ள புறச்சுவர் நம் உயிரணுக்களுக்கு இல்லை. அச்சுவரைக் கட்டவிடாமல் தடுத்தே பெனிசிலின் அதனைக் கொல்கிறது. வைரசுக்கோ அத்தகைய சுவருமில்லை, சொந்த அடுப்புமில்லை. காக்கைக் கூட்டில் முட்டையிடும் குயிலைப் போல நம் உயிரணுவினுள் புகுந்து, அதன் உழைப்பினாலேயே தன் இனத்தைப் பெருக்கிக்கொள்கிறது. கூட்டைக் கலைத்தால் காக்கைக்குஞ்சும் அழியும். கூடு கலையாமல் குயிலின் முட்டையை மட்டும் நீக்குவது எங்ஙனம்? இதுவே மருத்துவ அறிஞர் முன் நின்ற புதிர்.

இப்புதிரை விடுவிக்கும் முயற்சியில் சென்னை நகருக்கு ஒரு சிறப்பான இடம் உண்டு. பெரியம்மை நம் நாட்டை விட்டு நீங்காத காலம் அது. லண்டன் வெல்கம் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பாவர் என்னும் அறிஞர், மெத்திசசோன் என்னும் மருந்தை ஆராய்ந்து வந்தார். உயிரணுவினுள் அம்மை வைரசின் மரபுப்பொருள் பெருகினாலும், அது முழு உருப் பெற்று வெளிவராதபடி இம்மருந்து தடுத்தது. இதனைச் சென்னையில், நோயாளரோடு நெருங்கிப் பழகியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தனர்.

1963ஆம் ஆண்டில் வெளியான முடிவு உலகின் கவனத்தை ஈர்த்தது. மருந்து உண்ட 1,101 பேரில் மூவருக்கே, அதுவும் இலேசாக, அம்மை கண்டது. உண்ணாத 1,126 பேரில் 78 பேர் நோயுற்றனர். அவர்களுள் 12 பேர் மாண்டனர்.

ஆயினும் முதல் வெற்றியில் மயங்குதல் அறிவியலுக்கு அழகன்று. பிற்காலச் சோதனைகளில் இத்துணைப் பயன் கிட்டவில்லை. மருந்து உண்டோர் பலர் வாந்தியால் வருந்தினர். நோய் கண்ட பின் கொடுத்தபோதோ பயன் புலப்படவில்லை. பெரியம்மையை ஒழித்தது மாத்திரையன்று, தடுப்பூசியே. 1975இல் இந்தியாவில் அந்நோய் ஓய்ந்தது. 1980இல் உலகிலிருந்தே அது ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

அங்ஙனமாயின் அம்முயற்சி வீணோ? அன்று. வைரசை மருந்தினால் மறிக்கலாம் என்னும் நம்பிக்கை அதனால் வலுப்பெற்றது. வெல்கம் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளையில், கெர்ட்ரூட் எலியன் அம்மையாரின் குழு அசைக்ளோவிர் என்னும் மருந்தை 1970களில் உருவாக்கியது. அக்கிப்புண் வைரசுக்கு எதிரான அம்மருந்தின் நுட்பம் வியப்புக்குரியது. அதனை இயங்கச் செய்வது அந்த வைரசின் சொந்த நொதியே! ஆதலால் வைரஸ் புகாத உயிரணுவில் மருந்து பெரும்பாலும் உறங்கிக் கிடக்கும்; புகுந்த உயிரணுவில் விழித்தெழும். விழித்தபின், வைரஸ் தன் மரபிழையைக் கட்டும்போது பொய்ச்செங்கல்லாய் இடையே நுழையும். அதற்குமேல் அடுத்த கல் ஏறாது; கட்டடம் அவ்வளவில் நின்றுவிடும். காக்கைக் கூடு கலையவில்லை. குயில் முட்டை மட்டும் பொரியவில்லை. எனினும், நரம்பில் மறைந்துறங்கும் வைரசை இம்மருந்தும் அகற்றாது. 1988இல் எலியன் அம்மையார் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

மாணவரின் வினாவுக்கு விடை இதுதான்: ஒவ்வொரு பூட்டுக்கும் அதற்குரிய திறவுகோல் வேண்டும். வைரசால் வரும் சளிக்குப் பெனிசிலின் கேட்பது தவறான திறவுகோலைத் திருகுவதாகும்.

பரிசு பெற்றோர் பெயரை நூல்கள் கூறும். சென்னையில், வீட்டில் ஒருவர் அம்மையில் கிடக்க, அச்சத்தோடு அந்தப் புதிய மருந்தை விழுங்கிய ஆயிரவரின் பெயரை நாம் அறியோம். அறிஞர் கண்ட பயனும், பின்னர் கண்ட குறையும், இத்தகையோர் தம் உடலால் எழுதித் தந்த பாடமே. அந்தக் கடனை மறவாதிருத்தல் நம் கடமை.