உங்க சீட்டுக்கு நீங்கதான் காவல்

ஆல்-இன் போயிட்டீங்க. கையில ரெண்டு ஏஸ். டீலர் கவனிக்காம உங்க சீட்டையும் அள்ளி, கழிச்ச சீட்டுகளோட கலந்துட்டார். தப்பு அவரோடது. நஷ்டம்? பெரும்பாலும் உங்களுக்குத்தான்.

இது எப்படி விதியாச்சு? 1970-ல லாஸ் வேகஸ் பின்யன்ஸ் ஹார்ஸ்ஷூவில் நடந்த முதல் வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர்ல, ஆடினவங்களே ஓட்டுப் போட்டு ஜானி மாஸை சாம்பியனாக்கினாங்க. அடுத்த வருஷமே, சிப்ஸ் தீர்ந்தா வெளியேறணும், கடைசியா நிற்பவரே சாம்பியன் என்று மாறியது. ஆனாலும் கேசினோவுக்குக் கேசினோ ஹவுஸ் ரூல்ஸ் வேற. இடம் மாறினா தீர்ப்பும் மாறும். அதனால 2001-ல் மேட் சாவேஜ், லிண்டா ஜான்சன் உள்ளிட்டோர் டோர்னமென்ட் டைரக்டர்ஸ் அசோசியேஷனைத் தொடங்கி, பொது விதிகளைத் தொகுத்தாங்க.

முதல் விதி: அசாதாரண சூழல்ல எழுதிவச்ச விதியைவிட நியாயம் பெருசு. அடுத்து, ஆடுபவரின் பொறுப்பு: சீட்டைப் பாதுகாக்கணும், என்ன செய்யறோம்னு தெளிவா காட்டணும், தப்பைப் பார்த்தா சொல்லணும்.

கறாரா தெரியுதா? ஆனா இது லாக் ஃபைல் இல்லாத சிஸ்டம். கலந்த சீட்டு எதுன்னு நிரூபிக்க முடியாது. உங்க வார்த்தையை மட்டும் நம்பினா, எதிரே இருக்கிறவருக்கு அநியாயம். 2004 சாம்பியன் கிரெக் ரேமர் தன் சீட்டு மேல ஒரு புதைபடிவக் கல்லை வைப்பார். காவலுக்கு அது போதும்.

டீலருக்குச் சம்பளம் கேசினோ தருது, அவர் தப்புக்கு விலை நீங்க தர்றீங்க. அந்த வருத்தம் நியாயமானதுதான். ஆனா குரல் கொடுக்க வேண்டிய நேரம், சீட்டு கலக்கறதுக்கு முன்னாடி.