இன்டரில் படித்த பொருளாதாரம்

இன்று ஹைதராபாத்தின் பஷீர்பாக்கில் நிற்கும் நிஜாம் கல்லூரி 1887-ல் உருவானபோது, அது சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி. இருப்பது நிஜாமின் சமஸ்தானத்தில், தேர்வும் பட்டமும் சென்னையுடையவை. அதன் முதல்வராக இருந்த அகோரநாத் சட்டோபாத்யாயரின் மகள் சரோஜினி 12 வயதில் தேறியதும் சென்னை மெட்ரிகுலேஷன்தான். 1947-ல்தான் கல்லூரி உஸ்மானியா பல்கலைக்கழகத்துக்குப் போனது. செகந்திராபாத்தில் பல காலம் பொருளாதாரம் கற்பித்த தமிழனான எனக்கு இந்த உறவின்மீது தனிப் பிரியம் உண்டு.

நான் சொல்ல வந்தது அந்தப் படிப்பின் அடுக்கைப் பற்றி. மெட்ரிகுலேஷனுக்குப் பின் எஃப்.ஏ. (ஃபர்ஸ்ட் ஆர்ட்ஸ்); பிற்பாடு அதன் இடத்தில் இன்டர்மீடியட், இரண்டு ஆண்டு. அதற்கு மேல் பி.ஏ. இன்னும் இரண்டு ஆண்டு. இரண்டுக்கும் தேர்வு நடத்தியது ஒரே பல்கலைக்கழகம். இன்று பிளஸ் டூ படிக்கும் வயதில் எழுதிய தேர்வு, அன்றைக்குப் பட்டத்தின் முதல் பாதி.

இன்டரைப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிக்கச் சொன்னது 1919-ல் அறிக்கை தந்த சாட்லர் குழு. 12 ஆண்டுப் படிப்புக்குப் பின் மூன்று ஆண்டுப் பட்டம் என்றது 1948-49-ன் ராதாகிருஷ்ணன் குழு. நடுவில் பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பு வந்து போனது. பிறகு, அன்று ஹைதராபாத்தும் சேர்ந்திருந்த ஆந்திரப் பிரதேசத்தில் இரண்டாண்டு இன்டர் திரும்பியது. 1971-ல் அதற்கென்று தனி போர்டு அமைந்தது. இழை அறுந்தது இங்கேதான். இன்டர் பாடத்திட்டத்தை போர்டு எழுதியது, பி.ஏ. பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழகம் எழுதியது. ஒருவர் எழுதியதை மற்றவர் வாங்கிப் பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை.

சி.ஈ.சி. குரூப், அதாவது சிவிக்ஸ், எகனாமிக்ஸ், காமர்ஸ் எடுத்த பிள்ளை இன்டரிலேயே பயன்பாடு, தேவை விதி, நெகிழ்ச்சி, தேசிய வருமானம் எல்லாம் படித்துவிடுகிறது. பி.ஏ. முதல் ஆண்டில் மறுபடியும் தேவை விதி. கரும்பலகையில் கோட்டை வரைந்து முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து குரல் வரும்: “இன்டர்லோனே அயிபோயிந்தி சார்!” (இன்டரிலேயே முடிந்துபோய்விட்டது சார்!) அவர்கள் சொன்னது உண்மை. ஆனாலும் எம்.பி.சி., பை.பி.சி. என்ற கணித, உயிரியல் குரூப்களை முடித்துப் பொருளாதாரமே தொடாமல் வந்தவர்களும் அதே பெஞ்சில் இருந்தார்கள். அவர்களுக்காக அடியிலிருந்து தொடங்கத்தான் வேண்டும். அதற்காக மற்றவர்களின் ஒரு செமஸ்டரைத் தின்பது எந்த நியாயம்?

அமெரிக்காவில் 1950-களின் நடுவிலிருந்தே ‘அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்’ தேர்வுகள் நடக்கின்றன. மைக்ரோ, மேக்ரோ இரண்டுக்கும் தனித்தனித் தேர்வு, 5-க்கு மதிப்பெண். பள்ளியில் படிக்கும்போதே எழுதி 4, 5 வாங்கினால் அங்கே பல கல்லூரிகள் முதலாண்டுத் தாளுக்கான கிரெடிட்டைத் தந்துவிடுகின்றன. ஹைதராபாத்தின் தனியார் பள்ளிகள் சிலவற்றிலிருந்தும் பிள்ளைகள் அதை எழுதிவிட்டு விமானம் ஏறுகிறார்கள். அதே நகரத்தில் அரசு ஜூனியர் கல்லூரியில் சி.ஈ.சி. படித்து 90 விழுக்காடு வாங்கிய பெண்ணுக்கு அந்தச் சலுகை இல்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

2023-ல் வந்த தேசிய கிரெடிட் கட்டமைப்பு பள்ளிப் படிப்பையும் கிரெடிட் கணக்கில் சேர்க்கிறது. வழி இருக்கிறது. இன்டர் எகனாமிக்ஸில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்களுக்கு முதல் மைக்ரோ தாளிலிருந்து விலக்குக் கொடுங்கள். அந்த நேரத்தில் அவர்களுக்குக் கணிதமும் புள்ளியியலும் நடத்துங்கள். எம்.ஏ. பொருளாதார நுழைவுத் தேர்வில் எங்கள் பிள்ளைகள் தடுமாறுவது அந்த இரண்டில்தான்.