ஓய்வு நேரமும் ஆட்டமும்: றக்பி, அமெரிக்க உதைபந்தாட்டம் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

விளையாட்டினை மனித இயல்பூக்கத்தின் வெளிப்பாடாக மட்டும் கொள்வது அதன் வரலாற்றை விளக்கப் போதுமானதன்று. ஒரே மூலத்திலிருந்து தோன்றிய றக்பியும் அமெரிக்க உதைபந்தாட்டமும் இதற்குத் தக்க சான்றுகளாகும். இவற்றின் வேறுபாட்டைத் தேசிய குணாம்சங்களால் விளக்குவோர் உளர். ஓய்வு நேரம் எவ்வர்க்கத்துக்கு உரியதாயிருந்தது, ஆட்டத்தின் பயன் யாரைச் சென்றடைந்தது என்னும் வினாக்களினூடாக நாம் அதனை நோக்குவோம்.

1823 இல் வில்லியம் வெப் எல்லிஸ் என்னும் மாணவன் பந்தைக் கையிலெடுத்து ஓடியதே றக்பியின் தோற்றம் என்பது பெருவழக்கு. ஆனால் அவர் இறந்தபின், 1876 இலேயே அக்கதை எழுத்தில் வந்தது. 1890களில் றக்பிப் பாடசாலையின் பழைய மாணவர் சங்கம் அதற்கு அங்கீகாரம் அளித்தது. யோர்க்சயர், லங்காசயர் பகுதிகளின் சுரங்க, ஆலைத் தொழிலாளர் இவ்வாட்டத்தைத் தமதாக்கிக்கொண்டிருந்த காலம் அதுவாகும். ஆட்டம் கனவான்களின் பாடசாலைக்கே உரியது என்று நிறுவவேண்டிய தேவை அப்பொழுது எழுந்தமை தற்செயலானதன்று.

சனிக்கிழமையும் உழைத்த தொழிலாளி, ஆடச் சென்றால் கூலியை இழந்தான். அவ்விழப்பை ஈடுசெய்யும் பிரேரணை 1893 இல் 136க்கு எதிராக 282 வாக்குகளால் தோற்கடிக்கப்பட்டது. ஊதியம் பெறாது ஆடுதல் உயர் பண்பு எனப் போற்றப்பட்டது. உழைக்காது உண்ணக்கூடியோர்க்கே அப்பண்பு எளிதாயிருந்தது. 1895 ஓகஸ்ட் 29 இல் ஹடர்ஸ்பீல்டில் கூடிய வடபுலக் கழகங்கள் தனிச் சங்கம் அமைத்தன. பதின்மூவர் ஆடும் றக்பி லீக் அதன் வழிவந்தது. பதினைவர் ஆடும் றக்பி யூனியன் 1995 வரை ஊதியத்தை அனுமதிக்கவில்லை.

ஐக்கிய அமெரிக்காவில் 1876 இல் றக்பி விதிகளைத் தழுவியோர் ஹாவாட், யேல் முதலிய செல்வந்தர் கல்லூரிகளின் மாணவர்களே. அங்கு மாற்றம் ஆட்டத்தின் உள்ளமைப்பிலேயே நிகழ்ந்தது. றக்பியில், வீழ்த்தப்பட்டவனிடமிருந்து பந்தைப் பெற இரு அணியினரும் போராடுவர். 1880 இல் வோல்டர் காம்ப் முன்வைத்த விதியோ பந்தை ஓரணியின் உறுதியான உடைமையாக்கியது. இதன் விளைவாக 1881 இல் பிரின்ஸ்ரனும் யேலும் ஆளுக்கொரு பாதி நேரம் பந்தை விடாது வைத்திருந்தன. எனவே, மூன்று முயற்சிகளில் 5 யார் தூரம் முன்னேறாத அணி பந்தை இழக்கும் என்னும் விதி 1882 இல் வந்தது. உடைமை, அளவை, கணக்கு என்பன ஆட்டத்தின் உயிர்நாடியாயின. காம்ப் பின்னர் நியூ ஹேவன் நகரக் கடிகாரக் கொம்பனியொன்றின் தலைவரானவர்.

பிரெடெரிக் டெயிலரின் விஞ்ஞான முகாமை நூல் 1911 இலேயே வெளிவந்தது. ஆகவே ஒன்று மற்றதைத் தோற்றுவித்தது எனல் யாந்திரிகமான முடிபாகும். இரண்டும் ஒரே தொழிற்சமூகத்தின் விளைபொருள்கள் என்பதே பொருந்தும். 1950 இல் தேசிய உதைபந்தாட்டச் சங்கம் ஆட்டக்காரரைத் தடையின்றி மாற்றிக்கொள்ள இடமளித்ததும் வேலைப்பிரிவினை முழுமையுற்றது. தாக்குவோர் வேறு, காப்போர் வேறு, உதைப்போர் வேறாயினர். திட்டமிடும் மூளையாகப் பயிற்றுநர் அமைந்தார்.

பொழுதுபோக்கு என்ற நிலையில் இவ்வேறுபாடு இன்னும் தெளிவாகும். றக்பியில் அனைவரும் ஓடுவர், பந்தேந்துவர், எதிரியை வீழ்த்துவர்; வேல்ஸிலும் நியூசிலாந்திலும் பகலில் உழைப்போர் உள்ளூர்க் கழகங்களில் அதனை ஆடுகின்றனர். கவசமும் பெருங்குழுவும் வேண்டும் அமெரிக்க ஆட்டமோ, கல்வி முடிந்ததும் பெரும்பாலோரைப் பார்வையாளராக்கி விடுகிறது. அவர்களுக்கு எஞ்சுவது, எதிரியைத் தொட்டாலோ இடுப்புத் துணியைப் பறித்தாலோ ஓட்டம் நிற்கும் எளிய வடிவமாகும்.

இதனால் றக்பியை மக்கள் கலையாகப் போற்றுதல் தவறு. மூளைக்காயமுற்ற முன்னாள் ஆட்டக்காரர்க்கு இழப்பீடு வழங்கும் உடன்பாட்டை அமெரிக்க நீதிமன்றம் 2015 இல் அங்கீகரித்தது. 2020 இல் றக்பி ஆட்டக்காரரும் வழக்கில் இறங்கினர். அமெரிக்கக் கல்லூரிகளும் பெருவருவாய் ஈட்டியபடியே, ஆடுவோரை மாணவர் எனக் கூறி ஊதியம் மறுத்தன. கல்விசார் சலுகைகளுக்கு விதிக்கப்பட்ட வரம்புகளை உச்ச நீதிமன்றம் 2021 இல் நிராகரித்தது. 1893 இல் ஹடர்ஸ்பீல்டுத் தொழிலாளிக்கு மறுக்கப்பட்டதும் இக்கல்லூரி மாணவனுக்கு மறுக்கப்பட்டதும் அடிப்படையில் ஒன்றே. ஆடுபவனின் உடலை உழைப்பாக ஏற்க மறுக்கும் சமூகம், அவனுடைய ஓய்வையும் அவனுக்கு உரியதாக விடுவதில்லை.