கிழக்கே போன ஆறு மேற்கே திரும்பிய கதை



கேமரன் மலைத் தோட்டங்களில் வாழும் நமக்கு ரிங்லெட் ஏரி பழகிய காட்சி. ஏரி என்று நாம் அழைத்தாலும், அது பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே அணை கட்டியதால் உண்டான நீர்த்தேக்கம். சுல்தான் அபூபக்கர் அணை என்பது அந்த அணையின் பெயர். ஒரு வட்டாரத்துத் தண்ணீரை இன்னொரு வட்டாரத்துக்குத் திருப்பும்போது என்னென்ன கேள்விகள் எழுகின்றன என்பதை இந்த அணையைக் கொண்டே நாம் தெரிந்துகொள்ளலாம்.

இயற்கை வகுத்த வழியில் பெர்த்தாம் ஆறு தெலோம் ஆற்றோடு கூடி, ஜெலாய் வழியாகப் பகாங் ஆற்றில் சேர்ந்து, கிழக்கே தென்சீனக் கடலுக்குப் போக வேண்டும். ஆனால் மலையின் மேற்குச் சரிவு செங்குத்தானது. அந்தப் பக்கம் தண்ணீரை விழச் செய்தால் ஐந்நூறு மீட்டருக்கும் மேலான வீழ்ச்சி கிடைக்கும், அத்தனையும் மின்சாரமாகும். 1958-இல் உலக வங்கி மலாயாவுக்கு இதற்காகக் கடன் கொடுத்தது. தெலோம் ஆற்றின் நீரையும் அதன் கிளையாறுகளின் நீரையும் சுரங்க வழியாகப் பெர்த்தாமுக்குக் கொண்டுவந்தார்கள். ரிங்லெட்டில் தேக்கிய நீரை மலையைக் குடைந்து பேரா மாநிலத்துப் பத்தாங் பாடாங் பக்கம் இறக்கினார்கள். 1963-இல் ஜோர் மின்நிலையமும், 1968-இல் வோ மின்நிலையமும் இயங்கத் தொடங்கின. பகாங்கில் பெய்த மழை மலாக்கா நீரிணையைச் சென்றடைந்தது.

நம் முன்னோர் பிறந்த தமிழ்நாட்டிலும் இப்படியொரு கதை உண்டு. மேற்கே ஓடிய பெரியாற்றைப் பென்னிகுவிக் என்ற பொறியாளர் 1895-இல் கிழக்கே திருப்பி, வைகைப் பாசன நிலங்களுக்குக் கொடுத்தார். அதற்கு 1886-இலேயே திருவிதாங்கூரும் சென்னை அரசும் 999 ஆண்டுக் குத்தகை எழுதியிருந்தன. ஒப்பந்தம் இருந்தும் வழக்கு ஓயவில்லை. அணை பழையது, உடைந்தால் ஆபத்து என்று கேரளம் அஞ்சியது. 1979-இல் நீர்மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. தண்ணீர் குறைந்தால் நிலம் தரிசாகும் என்று தமிழ்நாடு வாதிட்டது. 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு பக்கம் பயிர், மறுபக்கம் உயிர் பற்றிய அச்சம். இரண்டையும் நாம் அலட்சியம் செய்வதற்கில்லை.

மலேசிய அரசியலமைப்பின்படி ஒரு மாநிலத்துக்குள்ளேயே ஓடும் ஆறு அந்த மாநிலத்தின் பொறுப்பு. ஆகவே மாநிலம் விட்டு மாநிலம் தண்ணீர் போக உடன்பாடு வேண்டும். பகாங்கின் செமாந்தான் ஆற்று நீரைச் சிலாங்கூருக்குக் கொண்டுசெல்ல 44.6 கிலோமீட்டர் சுரங்கம் தோண்டினார்கள். அந்த நீரைச் சுத்திகரிக்கும் நிலையத்துக்குச் சிலாங்கூர் அரசு நெடுநாள் இணங்கவில்லை; 2014-இல்தான் உடன்பாடு பிறந்தது.

கேமரன் மலையில் வந்த சோதனை வேறு வகை. தேயிலைச் செடி அடர்ந்து நின்றால் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். காடு அழித்துக் காய்கறிக்குக் கொத்திய சரிவுகளில் மழை பெய்தால் மண் கரைந்து ஆற்றில் இறங்கும். அந்தச் சேறு ரிங்லெட் ஏரியின் அடியில் படிந்து, நீர் தேங்கும் இடத்தைத் தின்றுவிட்டது. பானையில் பாதி மண் இருந்தால் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்? பெருமழையில் ஏரி விரைவில் நிரம்பும். அணையைக் காக்க மதகைத் திறந்தாக வேண்டும்.

2013 அக்டோபர் 23 அன்று நள்ளிரவு கடந்த வேளையில் அதுதான் நடந்தது. கனமழையில் ஏரி நிரம்பித் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் வெள்ளத்தில் சிக்கினர். உயிர்கள் போயின, வீடுகளும் வாகனங்களும் அடித்துச் செல்லப்பட்டன. எச்சரிக்கை போதுமானதாக இருந்ததா என்று கேள்வி எழுந்தது. ஆற்றோரத்தை ஒட்டி வீடுகள் நெருங்கிவிட்டதும் பேசப்பட்டது. பாதிக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தை நாடினார்கள்.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம் என்ன? அணையால் வரும் மின்சாரம் நாடெங்கும் போகிறது. மதகு திறக்கும்போது வரும் ஆபத்து கீழே குடியிருப்பவர்களுக்கே. ஆகவே எந்த மட்டத்தில் மதகு திறக்கும், சைரன் எப்படி ஒலிக்கும், எந்த மேட்டுக்கு ஓட வேண்டும் என்பவற்றை அறிந்துகொள்வது அவர்களின் உரிமை. ஆற்றங்கரையில் உறவினர் இருந்தால் அவர்களிடம் இதைக் கேளுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். மேலே இருக்கும் நமக்கும் கடமை உண்டு. வாய்க்காலில் குப்பை கொட்டாதிருப்பதும், சரிவில் மண்ணை வெறுமையாக விடாதிருப்பதும் கீழே வாழ்பவர்களுக்கு நாம் செய்யும் உதவி.

தண்ணீரைப் பங்கிடும்போது அதன் பயனோடு ஆபத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். அப்படிக் கணக்கிட்டால்தான் பங்கீடு நியாயமாகும்.