ஒளிரும் கரிம நானோபொருள்கள்

ஒளிரும் கரிம நானோபொருள்கள் என்பவை, தம்மீது விழும் ஒளியை உட்கவர்ந்து, பெரும்பாலும் அதைவிட நீண்ட அலைநீளமுள்ள ஒளியை உமிழும் மிக நுண்ணிய கரிமப் பொருள்கள் ஆகும். இவற்றின் ஒரு பக்க அளவேனும் 100 நானோமீட்டருக்குக் குறைவாக இருக்கும். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. உயிருள்ள உயிரணுக்களின் உள்ளமைப்பையும் அவற்றில் உள்ள மூலக்கூறுகளையும் நுண்நோக்கியில் காண இவை பயன்படுகின்றன.

தேவை

உயிரணுவில் உள்ள பெரும்பாலான மூலக்கூறுகள் நிறமற்றவை. எனவே அவற்றோடு ஒளிரும் பொருள் ஒன்றை இணைத்தே அவற்றின் இருப்பிடத்தை அறிய இயலும். கரிமச் சேர்மச் சாயங்கள் தொடர்ந்து ஒளிபட்டால் வெளிறிவிடும். பச்சை ஒளிர்புரதத்தைப் (2008 வேதியியல் நோபல் பரிசு) பயன்படுத்த உயிரணுவின் மரபணுவை மாற்ற வேண்டும். காட்மியம் செலீனைடு போன்ற குவாண்டம் புள்ளிகள் மிகுந்த ஒளி தந்தாலும், அவற்றிலிருந்து கசியும் காட்மியம் நச்சுத்தன்மை உடையது. கன உலோகம் இல்லாததும் எளிதில் வெளிறாததும் கரிம நானோபொருள்களின் சிறப்புகள்.

வகைகள்

* கரிம நானோகுழாய்: ஒற்றைச்சுவர் நானோகுழாய்கள் அண்மை அகச்சிவப்பு ஒளியை உமிழ்வதை 2002 இல் அமெரிக்காவின் ரைசு பல்கலைக்கழகத்தினர் கண்டறிந்தனர். 2004 இல் அவ்வொளியைக் கொண்டு விழுங்கணுக்களினுள் நானோகுழாய்களைக் கண்டனர்.
* கரிமப் புள்ளி: பெரும்பாலும் 10 நானோமீட்டருக்கும் குறைந்த விட்டமுடையது. 2004 இல் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் நானோகுழாய்களைத் தூய்மைப்படுத்தும்போது தற்செயலாகக் கண்டறியப்பட்டது. 2006 இல் கிளெம்சன் பல்கலைக்கழகத்தின் யா-பிங் சுன் குழுவினர், மேற்பரப்பில் பல்பகுதியம் பூசி இதன் ஒளிர்வை மிகுவித்தனர்.
* நானோவைரம்: வைரப் படிகத்தில் ஒரு நைதரசன் அணுவும் அதன் அருகே ஒரு வெற்றிடமும் அமைந்தால் அவ்விடம் சிவப்பாக ஒளிரும். நெடுநேரம் ஒளியூட்டினாலும் இது வெளிறுவதில்லை என 2005 இல் தைவான் ஆய்வாளர்கள் காட்டினர்.

பழங்களிலிருந்து ஆக்கம்

கரிமப் புள்ளிகளைச் சர்க்கரையும் பழக்காடிகளும் உள்ள எப்பொருளிலிருந்தும் ஆக்கலாம். 2012 இல் உரூர்கேலா தேசிய தொழில்நுட்பக் கழகத்தினர் ஆரஞ்சுப் பழச்சாற்றை மூடிய கலனில் 120 பாகை செல்சியசில் 150 நிமிடம் சூடாக்கி இவற்றைப் பெற்றனர். உட்கவர்ந்த ஒளித்துகள்களில் 26 விழுக்காட்டுக்கு ஈடானவற்றை அப்புள்ளிகள் மீண்டும் உமிழ்ந்தன; மனித எலும்புப் புற்று உயிரணுக்களைப் படம் பிடிக்கவும் உதவின.

தென்காசியை அடுத்த குற்றாலத்தில் சாரல் காலத்தில் விற்பனைக்கு வரும் மங்குசுத்தான் பழத்தின் சதையிலிருந்து கரிமப் புள்ளிகளை ஆக்கி, பெர்ரிக் இரும்பு அயனியைக் கண்டறியவும் உயிரணுக்களைப் படம் பிடிக்கவும் சீன ஆய்வாளர்கள் 2017 இல் பயன்படுத்தினர். 2018 இல் தென்கொரியாவில் அரைநெல்லிச் சாற்றைக் கொண்டும் இத்தகைய ஆய்வு நடந்தது. இவற்றில் பழம் கரிம மூலமாக மட்டுமே பயன்படுகிறது. பழத்தின் மருத்துவக் குணம் புள்ளிகளுக்கு வந்துவிடுவதில்லை.

மூலக்கூறுகளை இனங்காணல்

உயிரணுவினுள் ஒளி தெரிவதும் ஒரு குறிப்பிட்ட மூலக்கூற்றைக் காண்பதும் ஒன்றல்ல. 2007 இல் கிளெம்சன் குழுவினர் மார்பகப் புற்று உயிரணுக்களில் கரிமப் புள்ளிகளைச் செலுத்தியபோது, அவை உயிரணு மென்படலத்திலும் குழியமுதலுருவிலும் ஒளிர்ந்தன. கருவை அவ்வளவாக எட்டவில்லை. 37 பாகை வெப்பநிலையில் உட்புகுந்த புள்ளிகள் 4 பாகையில் உட்புகவில்லை. குளிரில் உயிரணுவின் உள்வாங்கும் செயல் நின்றுவிடுவதால், புள்ளிகள் தாமாக ஊடுருவவில்லை, உயிரணுவே அவற்றை உள்வாங்குகிறது எனக் கருதப்பட்டது. ஆனால் இச்சோதனை எந்த ஒரு மூலக்கூற்றையும் தனித்துக் காட்டவில்லை.

தனித்துக் காட்டுவதற்கு இரு வழிகள் உள்ளன. முதலாவது, துகளின் மேற்பரப்பில் பிறபொருளெதிரி அல்லது ஃபோலிக் காடி போன்றவற்றை இணைத்தல். ஃபோலிக் காடி, அதன் ஏற்பிகள் மிகுந்துள்ள புற்று உயிரணுக்களில் சென்று பற்றும். இரண்டாவது, இலக்கு மூலக்கூறு பட்டவுடன் ஒளிர்வு மாறும்படி அமைத்தல். பெர்ரிக் அயனி பட்டால் பல கரிமப் புள்ளிகளின் ஒளி மங்கும். டி.என்.ஏ. இழை சுற்றப்பட்ட நானோகுழாய்கள் டோபமைன் பட்டால் கூடுதலாக ஒளிரும். உயிரணுக்கள் டோபமைனை வெளியிடுவதை இவ்வாறு படம் பிடித்த ஆய்வு 2017 இல் வெளியானது.

வரையறைகள்

கரிமப் புள்ளிகள் பல, நீல ஒளியையே மிகுதியாக உமிழ்கின்றன. உயிரணுக்களும் இயல்பாகவே நீலமாகவும் பச்சையாகவும் சிறிது ஒளிர்வதால், புள்ளி சேர்க்காத உயிரணுக்களோடு ஒப்பிடாமல் முடிவுக்கு வருதல் தவறாகும். அகச்சிவப்பு ஒளிக்கு இச்சிக்கல் குறைவு.

மற்றொரு சிக்கல் தூய்மை பற்றியது. சிட்ரிக் காடியையும் எத்திலீன்டையமீனையும் சூடாக்கிப் பெறும் விளைபொருளின் பேரொளியில் பெரும்பங்கு, புள்ளிகளுடன் உண்டாகும் ஒரு சிறு சாய மூலக்கூற்றினுடையது என 2015 இல் கண்டறியப்பட்டது. பழச்சாற்றை ஆக்கப்பொருளாகக் கொள்ளும்போது விளைபொருள்கள் இன்னும் பலவாகும். ஆகவே கூழ்ப்பிரிப்பு, நிறப்பகுப்பு ஆகிய முறைகளால் தூய்மைப்படுத்திய பின்னரே ஒளிர்வது புள்ளியா, சாயமா என்று கூற இயலும். புற ஊதா விளக்கின் கீழ் சாறு ஒளிர்வது மட்டும் அதற்குச் சான்றாகாது.