குன்றிலிருந்து கண்ட வானம்

நாள் பார்த்துக் காரியம் தொடங்குவது நம் வழக்கம். அத்தகைய நாட்டில், வானைக் கருவிகொண்டு அளப்பதற்கென்றே 1837-ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்துக் குன்றொன்றின்மீது வானாய்வுக்கூடம் நிறுவினார் சுவாதித் திருநாள் மகாராஜா. கால்டிகாட் என்னும் ஆங்கிலேயர் அதன் முதல் தலைவர். இன்று அது கேரளப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ளது.

ஆயினும், 1962 பிப்ரவரியில் மகர ராசியில் அஷ்டக்கிரகங்கள் கூடியபோது உலகமே அழியும் என்று நாம் நடுங்கினோம். ஊர்தோறும் யாகங்கள் நடந்தன. வேடிக்கை என்னவென்றால், அக்கூட்டத்தை நம் நாட்டில் கண்ணாரக் காண வழியில்லை! கோள்கள் யாவும் ஞாயிற்றின் அருகிலிருந்தமையால் அதன் ஒளியில் மறைந்துவிட்டன.

கண்ணாரக் கண்ட கூட்டம் 2008 டிசம்பர் 1-ஆம் நாள் மாலையில் வாய்த்தது. மேல்வானில் பிறைமதி, வெள்ளி, வியாழன் மூன்றும் அருகருகே நின்றன. நம் பார்வைக்குத்தான் அந்த நெருக்கம்: அன்று திங்கள் நமக்கு ஏறத்தாழ 4 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் இருந்தது; வெள்ளி 15 கோடி, வியாழனோ 87 கோடி.